சலேத் மேரிக்கு வந்த பேச்சு

நான் அம்பகரத்தூர்க்காரி. அந்த ஊரில் பிறந்துவிட்டு அம்மனை நம்பவில்லை என்று சொன்னால் கூடப் பிறந்த அண்ணனே முகம் கொடுத்துப் பேச மாட்டான், என் அண்ணன் பேசுவதில்லை. நெல் விளைந்தால் அம்மன் அருள், விளையாவிட்டால் அம்மன் சோதனை, அப்படியானால் நடுவில் யூரியா போட்டவன் யார் என்று ஒருநாள் கேட்டேன், அதோடு சரி. அதனால் நான் இப்போது சொல்லப்போவதை ஏதோ பக்திக்காரி கண்ணைச் செருகிக்கொண்டு சொல்கிறாள் என்று எண்ண வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறவள் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது, நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது காரைக்காலில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பேர் எதற்கு, விடுங்கள். அங்கே மாதம் ஒன்றாம் தேதியில் பிறப்பதில்லை, முதல் வெள்ளிக்கிழமையில்தான் பிறக்கும். புதன்கிழமை பாட்டுப் பயிற்சி என்று இரண்டு பாடவேளை போய்விடும். வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனம். பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டு, 'உனக்கு என்ன பாவம், எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல, உன்னுதை நானும் சொல்லிக்கவா' என்று ஒருத்தி பாவத்தை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். வெள்ளிக்கிழமை காலை பெரிய அறையில் பூசை. கத்தோலிக்கப் பிள்ளைகள் அங்கே போவார்கள், மற்றவர்கள் வகுப்பில் நீதிபோதனை என்ற பெயரில் கொட்டாவி விடுவார்கள், ஆனால் பூசை ஒலிபெருக்கியில் எல்லா வகுப்புக்கும் கேட்கும், தப்ப முடியாது. இப்படி ஒவ்வொரு மாதமும் எனக்கு நாலைந்து கணக்கு வகுப்பு மோட்சத்துக்குப் போகும். தேர்ச்சி விகிதம் குறைந்தால் மட்டும் கேள்வி என்னிடம் வரும்.

மாடிப்படிக்கு அடியில் இருதய ஆண்டவர் சுரூபம், அதாவது இயேசுநாதர் சிலை, ஒன்று இருக்கிறது. அதன் காலடியில் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி. யாருக்கு என்ன வேண்டுமோ சீட்டில் எழுதி அதில் போடலாம், எந்த மதமும் போடலாம். வியாழக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்து, சீட்டுகளிலிருந்து பத்து வேண்டுதலைப் பொறுக்கி எழுதி, மறுநாள் பூசையில் ஒரு பிள்ளை வாசிக்க, எல்லாரும் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் மாற்றலாகிப் போனதும், தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தா சாவியை என் மேசையில் வைத்தார்.

"வசந்தா டீச்சர், நீங்கதான் சரியா இருப்பீங்க. எங்க கோயில் பங்கு ஆளுங்ககிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள எல்லார் வீட்டுக் கதையும் தெருவுக்கு வந்துடும். உங்களுக்கு யாரையும் தெரியாது பாருங்க."

அதாவது நம்பாதவளிடம் கொடுத்தால்தான் ரகசியம் தங்கும். இதை அவர் ஒரு பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்தச் சீட்டுகளைப் படித்தால் மனிதர்கள் மேல் உங்களுக்குள்ள மதிப்பெல்லாம் ஒரே மதியத்தில் தீர்ந்துவிடும். எனக்கு அறிவியலில் எழுபது வேண்டும், பக்கத்தில் உட்காருகிறவளுக்கு அறுபத்தொன்பது வேண்டும். தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள் என்றால், அண்ணனுக்குப் பாரீஸ் போகிற பேப்பர் சீக்கிரம் வர வேண்டும் என்று எழுதும், இயேசுநாதர் ஏதோ தூதரகத்தில் குமாஸ்தா மாதிரி. ஆசிரியைகளும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் தையல் டீச்சர் தன் நாத்தனாருக்கு நல்ல புத்தி கேட்டு வருடம் முழுக்க எழுதினார். ஒரு சீட்டில் 'நாளைக்கு வசந்தா டீச்சர் லீவு போட வேண்டும்' என்று இருந்தது, அதை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன், உருப்படியான வேண்டுதல் அது ஒன்றுதான்.

இதில் இரண்டு சட்டங்கள் இருந்தன, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பூசைக்கு வரும் ஃபாதர், பேரும் ஊரும் சொல்லித்தான் வேண்ட வேண்டும், மொட்டையாக 'நோயாளிகளுக்காக' என்றால் யாருக்கும் மனசு ஒன்றாது என்பார். சிஸ்டரோ, கிறிஸ்தவர் அல்லாதவர் பேரைப் பூசையில் வாசிக்கவே கூடாது என்பார். முந்தின வருடம் ஒரு பிள்ளையின் தகப்பனார், என் பெண் பேரை எப்படிப் பூசையில் சொல்லலாம், மதம் மாற்றுகிறீர்களா என்று வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டாராம், அந்தப் பயம். ஆக, இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை போடும் சீட்டை என்ன செய்வது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. சொல்லாததைக் கண்டுபிடிக்கத்தானே கணக்கு டீச்சர்.

ஆகஸ்ட் மாதச் சீட்டில் ஒன்று கயல்விழியுடையது. பத்தாம் வகுப்பு, காரைக்கால்மேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் பிள்ளைகளைக் கொஞ்சுகிறவள் இல்லை, ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், இத்தனை வருடத்தில் நான் நடத்துவது ஒருத்திக்குப் புரிகிறது என்று எனக்குத் தோன்றியது அவளைப் பார்த்துத்தான். கரும்பலகையில் நான் பாதி எழுதும்போதே விடை சொல்லிவிட்டு, அதற்காகப் பெருமைப்படாமல் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அவள் அம்மா அஞ்சலை மீன் விற்கிறவள். கரையில் ஏலத்தில் கேட்டு எடுத்து, கூடையில் வைத்துக்கொண்டு கோவில்பத்துத் தெருக்களில் கூவி விற்பாள், எங்கள் தெருவுக்கும் வருவாள். மே மாதத்தில் அவளுக்கு ஒரு நாள் வாய் கோணிக்கொண்டது, கை கால் தப்பித்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. பேச்சு இல்லாமல் ஏலமும் கேட்க முடியாது, தெருவில் கூவவும் முடியாது. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குப் பேச்சு திரும்பவில்லை என்றால் கயல்விழி படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு வாயாகப் போக வேண்டியதுதான். வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

சீட்டில் 'எங்க அம்மா அஞ்சலைக்குப் பேச்சு வரணும், காரைக்கால்மேடு' என்று மட்டும் இருந்தது. ஃபாதருக்குப் பேர் வேண்டும், சிஸ்டருக்கு அஞ்சலை என்ற பேர் ஆகாது. நான் பேனாவை எடுத்து, 'காரைக்கால்மேட்டைச் சேர்ந்த சகோதரி சலேத் மேரி இழந்த பேச்சைத் திரும்பப் பெற வேண்டுமென்று' என்று எழுதிவிட்டேன். எனக்கு எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. சலேத் என்ற பேர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், கத்தோலிக்கப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை இருபத்திரண்டு வருடம் கூப்பிட்டவளுக்கு அந்த மாதிரிப் பேருக்கா பஞ்சம். அதை ஒரு பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் வாசித்தார்கள், எல்லாரும் கேட்டருளும் என்றார்கள். இடைவேளையில் கயல்விழி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், சலேத் மேரின்னு வாசிச்சாங்களே, அது எங்க அம்மாவுக்குத்தானே?"

"ஆமாம். அஞ்சலைன்னு வாசிக்கக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. அதான் மாத்திப் போட்டேன்."

"எங்க ஊர்ல சலேத் மேரின்னு யாரும் இல்ல டீச்சர்."

"இல்லாததுனாலதான் போட்டேன். இருந்தா அவங்க வந்து சண்டைக்கு நிப்பாங்களே."

அவள் போகவில்லை. "பேர் மாறிப் போச்சுன்னா வேற யாருக்காவது போயிடாதா டீச்சர்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க அம்மாவுக்கு என்ன தபால்லயா வருது, அட்ரஸ் மாறிப் போறதுக்கு. போய் தேற்றத்தை எழுதிப் பாரு" என்றேன். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

செப்டம்பர் மாத முதல் வெள்ளிக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தேன். வழக்கமான குப்பைதான். நடுவில் நாலாக மடித்த ஒரு சீட்டு. பழைய பக்திக்காரர்கள் கடிதம் எழுதும்போது மேலே சின்னதாக ஒரு சிலுவை போடுவார்களே, அப்படிப் போட்டு, கீழே பெரியவர்கள் கையெழுத்தில் இருந்தது: 'எனக்குப் பேச்சு வந்துவிட்டது. வேண்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு நன்றி. காரைக்கால்மேடு சலேத் மேரி.'

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள். தையல் டீச்சராக இருக்கும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அந்த அம்மாளுக்கு இவ்வளவு கற்பனை கிடையாது. பேர் மாற்றிய விஷயம் தெரிந்தவள் கயல்விழி ஒருத்திதான், என்னைக் குத்திக்காட்டத்தான் இதைச் செய்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, அவளைக் கூப்பிட்டு, ஒரு தாளைக் கொடுத்து நான் சொல்வதை எழுதச் சொன்னேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை. அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இது கிறுக்கல். சரி, யாரையாவது விட்டு எழுத வைத்திருப்பாள் என்று சீட்டையே அவள் முன் போட்டேன்.

அவள் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். அப்புறம் அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"வேற யாருக்கோ வந்துடுச்சு டீச்சர்" என்றாள்.

"ஏண்டி, பத்தாவது படிக்கிற, வடிவியல்ல நூத்துக்கு நூறு வாங்குற, இதையா நம்புற?"

"எங்க அம்மாவுக்கு வரலியே டீச்சர்."

பதில் அகப்படாதபோது நான் திட்டுவேன், அது என் பழக்கம், திட்டித்தான் அனுப்பினேன். சீட்டைக் கிழித்துப் போட்டேன். அந்த மாதம் பத்து வேண்டுதலையும் நானே என் இஷ்டத்துக்கு எழுதினேன், ஊரில் யாரும் இல்லாத பேராகப் பார்த்துப் போட்டேன், நோயும் வழக்கும் விபத்துமாக வாரி வழங்கினேன். யாரும் நன்றி எழுதவில்லை. பார்த்தாயா, விளையாடியவளுக்கு அலுத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தப் பத்துக்கும் பின்னால் அழுத பிள்ளை எதுவும் இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று கயல்விழி டி.சி. கேட்டு வந்தாள். அம்மா இரண்டு தடவை ஏலத்தில் கையைக் கையைத் தூக்கிப் பார்த்தாளாம், யாரும் கவனிக்கவில்லையாம். இனி இவள்தான் கூடப் போக வேண்டும், வேறு வழியில்லை என்றாள். ஒரு வருடம் போனால் போன படிப்பு திரும்பாது, நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அஞ்சலை மேலா, சிஸ்டர் மேலா, மாடிப்படிக்கு அடியில் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சுரூபத்தின் மேலா. என் மேல் என்று அப்போது தோன்றவில்லை.

கிளம்பும்போது அவள் திரும்பி நின்று சொன்னாள். "டீச்சர், ஒரே ஒரு தடவ எங்க அம்மா பேரச் சொல்லி வாசிக்கச் சொல்லுங்க. அதுக்கப்பறமும் வரலைன்னா மனசு ஆறிடும்."

நான் பேரம் பேசினேன். "வாசிக்கச் சொல்றேன். ஆனா பேச்சு வந்தாலும் வரலைன்னாலும் பொதுத்தேர்வு எழுதுற வரைக்கும் நீ பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கக்கூடாது. சம்மதமா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்கு அது போதும். ஒரு பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க அரைவரிப் பொய் உதவுமானால் நூறு பொய் வாசிக்கலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் என்றால் அவர்களுக்குச் செபமாலை மாதம், வழக்கத்தைவிட இரண்டு பங்கு கும்பிடு. அந்த முதல் வெள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்தது வேண்டுதல்கூட இல்லை, திருத்தம். கேள்வித்தாளில் அச்சுப்பிழை இருந்தால் மேற்பார்வையாளர் வந்து நின்று, நாலாவது கேள்வியில் இப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்பாரே, அதே நடையில் எழுதினேன். 'ஆகஸ்ட் மாதத்தில் சலேத் மேரி என்று வாசித்தது தவறு. அந்தப் பேரில் யாரும் இல்லை. அந்த வேண்டுதல் காரைக்கால்மேட்டைச் சேர்ந்த அஞ்சலைக்கு உரியது.' வாசித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, இதையும் வாசிக்கணுமா என்று என்னைப் பார்த்தாள், நான் வாசி என்று கண்ணைக் காட்டினேன். ஒலிபெருக்கியில் அது பள்ளி முழுக்கப் போனது. வேண்டுதலா திருத்தமா என்று யாருக்கும் யோசனை இல்லை, முந்நூறு பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டருளும் என்று சொல்லிவிட்டார்கள். ஃபாதர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் சிஸ்டர் ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "என்ன டீச்சர் இது, பூசையில போய்த் திருத்தம் வாசிக்கிறீங்க? அந்தப் பேர் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல."

"தப்பா எழுதினதைத் திருத்தாம விட முடியாது சிஸ்டர். கணக்கு டீச்சர் புத்தி" என்றேன். அவர் சாவியைக் கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. வேறு யாரும் அந்த வேலைக்கு அகப்படவில்லை போலும்.

மறுநாள் சனிக்கிழமை. கோவில்பத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் 'மீனேய்' என்று ஒரு சத்தம். அந்தக் குரலை ஐந்து மாதமாகக் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. கேட்டைத் திறந்துகொண்டு போனால் தலையில் கூடையோடு அஞ்சலை, பின்னால் கயல்விழி. அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"டீச்சரம்மா, பேர் சொல்லி வாசிச்சீங்களாம்ல" என்றாள் அஞ்சலை. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, மற்றபடி அதே வாய்.

"எப்ப வந்துச்சு பேச்சு?"

"நேத்து காலையில, ஒம்போதரை இருக்கும். கருவாடு காயப்போட்டுட்டு இருந்தேன். காக்கா வந்து ஒக்காந்துச்சு. ச்சூன்னு வெரட்டுனேன், சத்தம் வந்துடுச்சு. நானே பயந்துட்டேன்."

ஒன்பதரை மணிக்குத்தான் வேண்டுதல் வாசித்தார்கள். அதற்கென்ன, ஏதாவது ஒரு மணிக்குப் பேச்சு வந்துதானே ஆக வேண்டும். மூளையில் அடைப்பு வந்தவர்களுக்கு நாலைந்து மாதத்தில் பேச்சு திரும்புவது உண்டு, மருத்துவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கயல்விழி பொதுத்தேர்வு எழுதினாள், கணக்கில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு அவளைத் திட்டினேன், இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கதை இதோடு முடிந்திருந்தால் உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்கவே மாட்டேன், தையல் டீச்சரே இதைவிட நன்றாகச் சொல்வார்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒரு பத்து வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். பெண்ணின் பேர் அமலி. விண்ணப்பத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தாயார் பேர் சலேத் மேரி. முகவரி காரைக்கால்மேடு.

சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக. சீட்டு எழுதி விளையாடிய ஆள் கடைசியில் அகப்பட்டாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து, "நீங்கதானா அது? போன வருஷம் எங்க பெட்டியில சீட்டுப் போட்டது?" என்று கேட்டேன். அந்தப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஒரு செபமாலை. தொண்டையில் விரலை வைத்துக் காட்டித் தலையை ஆட்டினாள்.

"அம்மாவால பேச முடியாது டீச்சர்" என்றாள் பிள்ளை. "நாங்க இந்த ஊருக்கே ஏப்ரல்லதான் வந்தோம். முன்ன வேளாங்கண்ணிப் பக்கம் இருந்தோம். இந்த ஸ்கூலுக்கு இன்னிக்குத்தான் மொத தடவ வர்றோம்."

அதோடு விட்டிருக்கலாம். எந்தப் பிசாசு என் நாக்கில் உட்கார்ந்ததோ, "எப்பலேருந்து பேச முடியல?" என்று கேட்டேன்.

"நான் ரெண்டாவது படிக்கறப்பலேருந்து. நடுவுல மட்டும் பேசினாங்க. போன வருஷம், ரெண்டு மாசம். நல்லா பேசினாங்க டீச்சர், பாட்டுகூடப் பாடுனாங்க. அப்பறம் செபமாலை மாசம் வந்துச்சு. அந்த மொத வெள்ளிக்கிழமை காலையில அம்மா செபமாலை சொல்லிட்டு இருந்தாங்க. 'அருள் நிறைந்த'ன்னு சொன்னாங்க. அதோட நின்னுடுச்சு."

அந்தப் பெண்மணி மகளின் தோளில் கையை வைத்து, போதும் என்பதுபோல அழுத்தினாள். என் மேல் கோபமாகப் பார்த்தாள் என்று சொன்னால் எனக்கே ஆறுதலாக இருக்கும். அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமே என்ற கவலைதான் அந்த முகத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டேன். முத்திரை குத்தும்போது அது கோணலாக விழுந்தது, இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

நீங்கள் சொல்லப்போவதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பேரில் இந்தக் கடற்கரை முழுக்க எத்தனையோ பேர். பேச்சு வருவதும் போவதும் நரம்புக் கோளாறு. சின்னப் பிள்ளைக்கு மாதம், கிழமை எல்லாம் சரியாக ஞாபகம் இருக்காது. எல்லாவற்றையும் உங்களுக்கு முன்னாலேயே எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு பேரைப் போட்டேன், அந்தப் பேரில் யாரும் இல்லை என்று நானே அறிவித்து அதை அடித்துவிட்டேன், முந்நூறு பிள்ளைகளை விட்டு அதற்குக் கேட்டருளும் சொல்ல வைத்தேன். இதையும் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் இப்போது இருக்கிற தொல்லை அதுவல்ல. அமலி எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். பெட்டி இன்னும் என் கையில்தான். மாதாமாதம் வியாழக்கிழமை மதியம் திறந்தால் அவள் சீட்டு இருக்கிறது: 'எங்க அம்மா சலேத் மேரிக்குப் பேச்சு வரணும், காரைக்கால்மேடு.' கிறிஸ்தவப் பேர், சிஸ்டருக்குத் தடையில்லை. பேரும் ஊரும் இருக்கிறது, ஃபாதருக்கும் திருப்தி. நான் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. எழுத முடியவில்லை. அஞ்சலை வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு வருகிறாள். அவள் மகள் அங்கே பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே இந்த வரியை நான் எழுதி, அங்கே அந்தத் தெருமுனையில் சத்தம் நின்றுவிட்டால்? இரண்டு பேரையும் சேர்த்து எழுதினால் என்ன என்பீர்கள். எனக்குக் கூட்டல் தெரியாதா. எழுதிப் பார்ப்பது யாருடைய தொண்டையை வைத்து, அதைச் சொல்லுங்கள். எதையுமே நம்பாத ஒருத்திக்கு இதை எழுத ஏன் கை வரவில்லை என்று என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாத வியாழக்கிழமை இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டை மட்டும் தனியாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, நாத்தனாரின் நல்ல புத்திக்கும் பாரீஸ் பேப்பருக்கும் வேண்டுதல் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் பூசை முடிந்ததும் அமலி மாடிப்படிக்குக் கீழே என் பின்னாலேயே வந்தாள். "டீச்சர், எங்க அம்மா சீட்டு எப்ப வாசிப்பாங்க?" என்று கேட்டாள். பெட்டியில் நிறையச் சீட்டு இருக்கிறது, வரிசைப்படிதான் எடுக்கிறோம், உன்னுடையதும் வரும் என்று சொன்னேன். சரி டீச்சர் என்று நம்பிக்கொண்டு போனாள்.